சும்மா பாக்க வந்தவர்

கோர்ட்டுக்குப் போகிறவர் ஒன்று கேஸ் போட்டவராக இருக்க வேண்டும், இல்லை கேஸில் மாட்டினவராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஒரு மனுஷர் தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மேலப்புதூரிலிருந்து கண்டோன்மென்ட் கோர்ட்டு வரைக்கும் நடந்துபோய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும்? ஊரை விடுங்கள். கட்டின பெண்டாட்டி என்ன நினைப்பாள்?

இருதயநாதன் இரண்டு தரப்பைப் பற்றியும் அலட்டிக்கொண்டதில்லை. டவுன் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த காலம் பூராவும் ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பொய் கேட்டவர். இப்பதான் சார் ஏறினேன், பின்னால வர்றவரு எடுத்துட்டாரு சார், டிக்கெட்ட கொழந்த தின்னுருச்சு சார். ஓய்வு பெற்ற பிறகு அதே பொய்களை உட்கார்ந்து கேட்க ஓர் இடம் இருக்கிறது, தலைக்கு மேல் ஃபேனும் ஓடுகிறது என்று தெரிந்ததும் அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"நீங்க என்ன கேஸுங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.

"கேஸெல்லாம் இல்லீங்க. சும்மா பாக்க வந்தேன்."

கேட்டவர் ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். ஒரு தடவை புதிதாக வந்த போலீஸ்காரர், வேலை இல்லாதவங்கல்லாம் வெளியில போங்க என்று அவரை எழுப்பப் பார்த்தார். ஜட்ஜம்மா காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தி, "கோர்ட்டு எல்லாருக்கும் பொது. சத்தம் போடாம யார் வேணா உக்காரலாம்" என்றார். அன்றைக்கு இருதயநாதன் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார்.

அந்தப் பெஞ்சில் அவருக்குக் கூட்டாளி ஸ்ரீரங்கத்து ரெங்கராஜ். பங்காளிகளோடு ஒரு வீட்டுக்காக வழக்காடி, வழக்கிலேயே தலை நரைத்தவர். கேஸ் என்றோ முடிந்துவிட்டது, கால் மட்டும் நிற்கவில்லை. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, காவிரியைத் தாண்டி, புளியோதரைப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்துவிடுவார். யார் முதலில் வந்தாலும் மற்றவருக்குத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைப்பார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிறவர்களை வாழ்நாள் எல்லாம் திட்டின இன்ஸ்பெக்டர், கோர்ட்டில் அதைக் கூசாமல் செய்தார்.

இருதயநாதனுக்கு ஒரு பார்வை உண்டு. கோபம் கிடையாது, மிரட்டல் கிடையாது. டிக்கெட் எங்கே என்று வாயைத் திறக்காமலே கேட்கிற பார்வை. டவுன் பஸ்ஸில் வளர்ந்த திருச்சிக்காரர் யார் மேல் அது விழுந்தாலும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். டிக்கெட் வாங்கினவர் கை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். வாங்காதவர் கை இறங்காது, பையையே தடவிக்கொண்டு கிடக்கும். கூண்டில் ஏறுகிற சாட்சிகளையும் அவர் அப்படித்தான் பார்த்தார். அவர்கள் கையும் அப்படித்தான் நடந்துகொண்டது.

"பாரும் ஓய், தடவறான் பாரும்" என்பார் ரெங்கராஜ், உதடு அசையாமல். "மூலவர் சேவை மாதிரி கடைசி பெஞ்சிலேர்ந்து நீர் கடாட்சிச்சா போறும், அவனவன் உண்மையக் கக்கிடறான்."

வீட்டில் இந்தப் பார்வை செல்லுபடியாகாது. செல்வமேரி அதைவிடப் பெரிய இன்ஸ்பெக்டர். பிறத்தியார் பேச்சில் ஒரு சின்னத் தப்பு வந்தாலும் அவளால் தாங்க முடியாது. கறி எடுத்தது புதன்கிழமை என்று இவர் சொன்னால், வியாழக்கிழமை என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். ஒரு ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் தன் முந்தைய பங்கு துவாக்குடி என்றதும், "திருவெறும்பூர் சாமி" என்று முன்வரிசையிலிருந்து சொல்லிவிட்டாள். சாமியாரும் கொஞ்சம் யோசித்து, ஆமாம் திருவெறும்பூர்தான் என்று ஒப்புக்கொண்டார். அதிலிருந்து அவர் பிரசங்கத்தில் ஊர்ப் பெயரே வருவதில்லை.

அவளுக்கு ஒரே தம்பி, சவரிராயன். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். தம்பி மேல் ஒரு தூசு விழக் கூடாது அவளுக்கு. அந்தத் தம்பிதான் வினையை இழுத்துக்கொண்டு வந்தான்.

பாலக்கரையில் செல்வமேரி பிறந்த வீட்டுக்கும் ஷேக் தாவூது வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. தாவூது வீட்டுக்கு வாசல் அந்தச் சந்தில்தான். அவர் பாட்டனார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது. மார்க்கெட்டுக்கு வருகிறவர்களுக்கு பைக் ஸ்டாண்டு வைக்கலாம் என்று சவரிராயனுக்கு யோசனை போயிற்று. ஒரு நாள் சந்தின் வாயில் இரும்பு கேட்டைப் போட்டுப் பூட்டிவிட்டான். சந்து என் பட்டாவில் இருக்கிறது, இதில் எவரும் எந்தக் காலத்திலும் நடந்தது கிடையாது என்றான். தாவூது கோர்ட்டுக்குப் போனார். கேஸ் வாய்தாவில் ஊறிக்கொண்டிருக்க, அவர் குடும்பம் பின்பக்கத்து வெங்காயக் கோடௌன் வழியாகப் போய் வந்துகொண்டிருந்தது. கோடௌன்காரர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பூட்டினால் பூட்டினதுதான்.

கோர்ட்டு வாசல் டீக்கடையில் தாவூது ஒரு நாள் இருதயநாதனைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார். செல்வமேரி அவருக்குத் தங்கச்சி முறை, அதனால் இவர் மாப்பிள்ளை.

"ஸஹ்ராவுக்கு நிக்காஹ் பேசியிருக்கு மாப்ள. வீட்டுலதான் வைக்கணும்னு வாப்பா காலத்துலேர்ந்து வழக்கம். புள்ளைய வெங்காய மூட்டைய தாண்டிக்கிட்டா அனுப்பறது?"

இருதயநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நான் வேணா சாட்சி..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்" என்று தாவூது கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள நான் கூப்பிட மாட்டேன். நாளைக்கு மேரி மொகத்துல நான் முழிக்கணும். அல்லாஹ் பாத்துக்குவான்."

அடுத்த ஞாயிறு சவரிராயன் அக்காள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சாட்சி சொல்வதை அக்காளிடம் ஒத்திகை பார்க்க வேண்டுமாம். கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே, "அந்தச் சந்துல யாரும் எப்பவும் நடந்ததே கெடையாது" என்றான்.  இருதயநாதன் நல்லியை இலை ஓரத்தில் வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தார், அவ்வளவுதான். சவரிராயனுடைய இடது கை மெள்ளச் சட்டைப் பைக்குப் போயிற்று. போனது வரவில்லை. அக்காளின் நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்தில், மச்சான்தானே என்று டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் வந்தவனைப் பத்துப் பேர் பார்க்க இறக்கிவிட்டவர் இருதயநாதன். அந்தப் பயம் எலும்புக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, மச்சான் கோர்ட்ல உக்காந்தா என்னால ஒரு வார்த்தை பேச முடியாது" என்றான், சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு.

"என்னங்க, இந்தக் கேஸ் முடியற வரைக்கும் நீங்க கோர்ட்டு பக்கம் போக வேணாம்" என்றாள் செல்வமேரி.

"பொது எடம் மேரி. ஜட்ஜம்மாவே போகச் சொல்ல முடியாது."

"நான் சொல்றேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சொல்லை இருதயநாதன் தட்டியதில்லை. அன்றைக்குத் தட்டினார். சோறு போடாவிட்டாலும் சரி, அந்த ஒரு கேஸைப் பார்க்காமல் விட முடியாது என்று சொல்லிவிட்டார். வாயில்லாத பூனை சீறினால் வீடு கொஞ்ச நேரம் அமைதியாகத்தான் இருக்கும். சவரிராயன் நேரே தன் வக்கீல் பிரிட்டோவிடம் போனான்.

பிரிட்டோ கெட்டிக்காரர். சிரித்துக்கொண்டே, "உங்க மச்சான நாமளே சாட்சியா போட்டுருவோம்" என்றார்.

கோர்ட்டிலிருந்து வந்த சம்மனை இருதயநாதன் இரண்டு தடவை படித்தார். எத்தனை வருஷமாக அடுத்தவர் பெயர் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறார். இப்போது அவருடைய பெயரே அரசாங்க முத்திரையோடு வந்திருக்கிறது. பிரதிவாதி தரப்புச் சாட்சி. சவரி ஏன் நம்மைப் போட்டான் என்று ஒரு கணம் இடித்தது. ஆனால் பெருமை பெரியது, இடியைக் கேட்க விடவில்லை.

விசாரணை நாளன்று கடைசி பெஞ்சில் ரெங்கராஜ் போட்டிருந்த துண்டை எடுத்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்தார். பிரிட்டோ எழுந்தார்.

"மேடம், எங்க தரப்பு சாட்சி ஒருத்தர் உள்ளேயே உக்காந்திருக்காரு."

ஜட்ஜம்மா நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தார். "நீங்க சாட்சியா? அப்ப வெளியில இருக்கணுமே" என்றார். அந்தக் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி இருதயநாதனுக்குப் பட்டது.

சாட்சி சொல்ல வேண்டியவர் தன் முறை வரும்வரை கோர்ட்டுக்குள் உட்காரக் கூடாது. முன்னால் சொல்பவரைக் கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி தன் கதையைத் தைத்துக்கொள்வார் என்பதால் அப்படி ஒரு விதி. அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொன்னவரே இருதயநாதன்தான். வராந்தாவுக்கு வந்து நின்ற பிறகுதான் உறைத்தது. மச்சினன் தன்னைச் சாட்சியாகப் போட்டது கூப்பிடுவதற்காக இல்லை, துரத்துவதற்காக. பஸ்ஸிலிருந்து அவர் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறார். அவரை ஒருவன் இறக்கிவிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கப்புறம் வாய்தாவுக்கு வாய்தா வராந்தாதான். சம்மன் வந்திருக்கிறதே, வராமல் இருக்கலாமா? சிமெண்ட் பெஞ்சில் நொண்டி நாய் ஒன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நடப்பதைச் சொல்ல ரெங்கராஜ் ஓடி ஓடி வருவார்.

"ஓய், உம்ம மச்சினர் கூண்டுல ஏறிட்டார். பொய்ய நெய் விட்டுப் பெசஞ்சு, உருட்டி உருட்டி..."

"சொல்லாதீரும்" என்று இருதயநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். "நான் சாட்சி. கேக்கக் கூடாது."

"நாசமாப் போச்சு. உம்மைத் துரத்தறதுக்காகப் போட்டிருக்கான், நீர் அதுக்கும் நியாயம் பாக்கறீரே."

"விதி விதிதான் ஓய். ஃபேன் ஓடுதான்னு மட்டும் சொல்லும்."

"ஓடறது" என்று சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு ரெங்கராஜ் உள்ளே போவார். கேட்க வேண்டும் என்கிற ஆசை இருதயநாதனைப் பிடுங்கித் தின்னும். ஆனாலும் கையை எடுக்க மாட்டார்.

சாட்சி விசாரணை முடிகிற நாள் வந்தது. அன்று காலையில் செல்வமேரியும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். தம்பி கூப்பிட்டிருந்தான். பிரிட்டோ இவரைக் கூப்பிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் படி இறங்கும்போது சொல்லி வைத்தாள்.

"இங்க பாருங்க. என் தம்பிக்கு எதிரா உங்க வாயிலேர்ந்து ஒரு சொல்லு வந்துச்சு, நான் அப்படியே அவன் கூட பாலக்கரைக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க கோர்ட்டும்தான்."

"நாயோட உக்காந்திருக்கறவன் நான். என்னத்த சொல்லப்போறேன்" என்றார் இருதயநாதன். சொன்னது உண்மைதான். அதுதான் அவருக்கு வலித்தது. தாவூது வீட்டு நிக்காஹுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

செல்வமேரி உள்ளே போனபோது கடைசி பெஞ்சில் துண்டு கிடந்தது.

"அது நாதன் எடம்" என்றார் ரெங்கராஜ்.

"நான் அவரு வீட்டுக்காரி."

"அடடா, அப்போ உக்காருங்கோ. அவர் எடம்னா ஒங்க எடம்தானே."

உள்ளே நடந்தது இதுதான். சவரிராயனும் அவன் பக்கத்து ஆள் ஒருவரும் சாட்சி சொல்லியாயிற்று. பிரிட்டோ எழுந்து, மூன்றாம் சாட்சி வேண்டாம், எங்கள் தரப்பு முடிந்தது என்றார். தாவூதின் வக்கீல் அனிஷா இளவயதுப் பெண். அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏன் மேடம் வேணாங்கறாங்க? பிரதிவாதியோட சொந்த அக்கா வீட்டுக்காரர். சம்மன் அனுப்பி, வாய்தா தவறாம வெளியில உக்கார வச்சிருக்காங்க. அவங்களுக்கு வேணாம்னா நாங்க கூப்பிட்டுக்கறோம்."

தாவூது வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அனிஷா அதைப் பார்க்காத மாதிரி நின்றார். பிரிட்டோ ஆட்சேபித்தார். ஜட்ஜம்மா அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "கோர்ட்டு வளாகத்துல இருக்கற யாரையும் சாட்சியா விசாரிக்கலாம் பிரிட்டோ. கூப்பிடுங்க" என்றார்.

பெயர் கூப்பிடுகிற டவாலி மருதை வாசலுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

"இருதயநாதன்... இருதயநாதன்... இருதயநாதன்..."

நாய் எழுந்து நின்றது. இருதயநாதனுக்கு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்தக் குரலை எத்தனையோ பெயருக்குக் கேட்டிருக்கிறார். தன் பெயருக்குக் கேட்கும்போது பூசை மணி அடித்த மாதிரி உடம்பு சிலிர்த்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்க் கூண்டில் ஏறினார். கடவுள் அறிய உண்மையைச் சொல்வதாகப் பிரமாணம் எடுத்தார். எடுத்துவிட்டு நிமிர்ந்தால், நேர் எதிரே கடைசி பெஞ்சில், அவருடைய இடத்தில், அவருக்காகப் போட்ட துண்டின் மேல், செல்வமேரி.

அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, திருச்சி ஜில்லாவிலேயே அப்படி ஒரு பார்வை கிடையாது. இவர் கூண்டின் கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சந்து உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அனிஷா.

"தெரியும்."

"முதல்ல எப்ப பாத்தீங்க?"

இருதயநாதன் தாவூதைப் பார்த்தார். மனுஷர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரிராயனைப் பார்த்தார். அவன் மேலே ஃபேனைப் பார்த்தான். பிறகு மறுபடியும் பெண்டாட்டியைப் பார்த்தார். பெருமூச்சு ஒன்று விட்டார்.

"எனக்குப் பொண்ணு பாக்கப் போனப்பங்க. பெரியவங்க வர்றதுக்கு முந்தியே நான் போயிட்டேன். வீடு தெரியாம அந்தச் சந்துல நொழஞ்சுட்டேன். எதிர்ல ஒரு பொண்ணு வந்துச்சு. பச்சைத் தாவணி."

கடைசி பெஞ்சு ஒரு தரம் கிறீச்சிட்டது.

"கையில தூக்குவாளி. தாவூது பாய் வீட்டுலேர்ந்து நோன்புக் கஞ்சி வாங்கிட்டு வருது."

"ம்க்கும்" என்று ஒரு சத்தம் வந்தது. ரெங்கராஜ் பக்கத்தில் பார்த்தார். செல்வமேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"அப்புறம்?" என்றார் அனிஷா.

"நான் வழிய மறிச்சுக்கிட்டு நின்னுட்டேங்க. அந்தப் பொண்ணு ரொம்பப் பயந்துபோயி, தலையக் குனிஞ்சுக்கிட்டு, கேக்குதா கேக்கலையாங்கற மாதிரி மெதுவா, 'கொஞ்சம் வழி விடுங்க'ன்னு..."

"யாரு, நானா?"

கோர்ட்டு மொத்தமும் திரும்பியது. செல்வமேரி எழுந்து நின்றுவிட்டிருந்தாள். தான் எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"நானா தலையக் குனிஞ்சேன்? எங்கிட்ட பச்சைத் தாவணியே கெடையாது, அது ஊதா. கஞ்சியாம் கஞ்சி, அன்னிக்குப் பெருநாள். தாவூது அண்ணன் வீட்டு நசீரா மைனி குடுத்த பிரியாணி அது. அந்த வாசத்துலதான் இவரு நகராம நின்னாரு. நான் ஒண்ணும் மெதுவாச் சொல்லல. 'நந்தி மாதிரி நடுவுல நிக்காதீங்க, தள்ளுங்க, இது நாங்க தெனம் போய்வர்ற வழி'ன்னு நல்லா சத்தமாத்தான் சொன்னேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. கை வாய்க்குப் போயிற்று. பிரிட்டோ கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரும்மா நீங்க?" என்றார் ஜட்ஜம்மா.

செல்வமேரி திருதிருவென்று விழித்தாள். பிரதிவாதியின் அக்காள் என்று சொல்லலாமா, சாட்சியின் பெண்டாட்டி என்று சொல்லலாமா, எதைச் சொன்னாலும் வம்பு. எத்தனையோ வருஷமாக அவள் மானத்தை வாங்கிய அந்த வாக்கியம்தான் கடைசியில் கைகொடுத்தது.

"நான்... சும்மா பாக்க வந்தேங்க."

கோர்ட்டு சிரித்தது. ரெங்கராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஜட்ஜம்மா சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்க ஒரு காகிதத்தைப் புரட்டினார்.

"சும்மா பாக்க வந்தவங்களையும் விசாரிக்கலாம்மா. அங்கேர்ந்து சொல்றது கணக்குல வராது. இங்க வந்து பிரமாணம் எடுத்துச் சொல்றீங்களா?"

 செல்வமேரி தம்பியைப் பார்த்தாள். சவரிராயன் முகத்தில் ரத்தம் இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் வெளுத்துப் போவான்.  தம்பியைக் காப்பாற்ற இன்னும் வழி இருந்தது. வாய் தவறிச் சொன்னேன், மன்னிச்சிடுங்க என்று உட்கார்ந்துவிடலாம். உட்காரத்தான் போனாள். உடம்பு பாதி மடங்கியும் ஆயிற்று.

"சவரி" என்றாள், ஜட்ஜம்மாவையும் மறந்து.  "நீ நடக்கக் கத்துக்கிட்டதே அந்தச் சந்துலதானடா. இந்தப் பக்கம் நான் கையை நீட்டிக்கிட்டு நிப்பேன், அந்தப் பக்கம் தாவூது அண்ணன் உன்னை விடுவாரு. யாருமே நடக்கலன்னு சொல்றியே, நீயே நடந்தடா."

தாவூது தலையைத் தூக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சவரிராயனுடைய கை சட்டைப் பைக்குப் போயிற்று. யாரும் அவனை அந்தப் பார்வை பார்க்கவில்லை. இருதயநாதன்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். கை பையைத் தடவிக்கொண்டே இருந்தது. பிரிட்டோ அவசரமாக எழுந்து, வாய்தா கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"வேணாம் சார்" என்றான் சவரிராயன். "அக்காவைக் கூண்டுல ஏத்த வேணாங்க. அந்த கேட்டை நானே எடுத்துடறேன். எழுதிக்குங்க."

சமாதானம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. வராந்தாவில் தாவூது செல்வமேரி முன்னால் வந்து நின்றார்.  "நிக்காஹுக்கு வந்துரு மேரி" என்று மட்டும் சொன்னார். "சந்து வழியாவே வந்துரு." சவரிராயன் கொஞ்சம் தள்ளித் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாவூது போகிற போக்கில் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

புருஷனும் பெண்டாட்டியும் மேலப்புதூருக்கு நடந்தார்கள். பெரிய தபாலாபீஸ் தாண்டும் வரை செல்வமேரி வாயைத் திறக்கவில்லை. பாலக்கரைக்குப் போகிறேன் என்று சொன்னவள் கூடவே வருகிறாளே என்று இருதயநாதனுக்கு உள்ளுக்குள் நிம்மதி. ஆனால் அந்த மௌனம் சரியில்லை என்றும் பட்டது.

"என் தம்பிக்கு எதிரா ஒரு சொல்லு சொல்லக் கூடாதுன்னேன்" என்றாள் கடைசியில்.

"நான் எங்க சொன்னேன்? பொண்ணு பாக்கப் போன கதையத்தான் சொன்னேன். பாக்கியெல்லாம் நீதானே சொன்ன."

இன்னும் பத்தடி நடந்தார்கள். செல்வமேரி நின்றாள்.

"போன வாரம் கல்யாண நாளுக்கு நம்ம மக லிசி போன் பண்ணினா. அவ கிட்ட இதே கதையச் சொன்னீங்க. ஊதாத் தாவணி, பெருநாள் பிரியாணி, நந்தி மாதிரி நிக்காதீங்கன்னு உங்கம்மா மெரட்டினா... ஒரு எழுத்து பெசகாமச் சொன்னீங்க. நான் திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையேன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்படியா? வயசாச்சு பாரு மேரி. கூண்டுல ஏறினதும் பதட்டத்துல மறந்து போச்சு."

 செல்வமேரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

இருதயநாதனுடைய கை மெள்ள எழுந்து சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே தடவிக்கொண்டு இருந்தது.